காரியப் பத்திரிகையின் ஒரு படி

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்காக அச்சிட்ட பத்திரிகையில் ஒரு படிகூட வீட்டில் இல்லை என்பதை, அவளுடைய சேகரிப்பைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கிய பிறகே அறிந்தேன். சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நூலகம் அதை ஏற்றுக்கொள்வதாக எழுதியிருந்தது. ஆவணி பிறந்ததும் வண்டி வரும் என்றார்கள். அதற்குள் அந்த ஒரு தாளைத் தேடியெடுத்து, உரிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அது இல்லாமல் சேகரிப்பு முழுமை பெறாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்ட காரணம் தொழில்முறைக் காரணம். கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அத்தகைய காரணங்கள் எளிதில் கிடைக்கும்.

எங்கள் வீடு குற்றாலத்தில்; அவள் பக்கத்துத் தென்காசியில் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். பிறர் படித்துவிட்டு, பல வேளைகளில் படிக்காமலே, எறிந்துவிடும் அச்சுத்தாள்களை அவள் எறியவில்லை. கோயில் கொடைவிழா நோட்டீசு, கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு, ஆடித் தள்ளுபடி, குற்றாலத்தில் சீசனுக்கு அறை வாடகைக்கு விடுபவர்களின் துண்டுத்தாள், எண்ணெய் தேய்த்துவிடுவோரின் விளம்பரம், பேருந்துச் சீட்டு, தீப்பெட்டி மேலட்டை, மருந்துக்கடை உறை, காணாமற்போன செவலைப் பசுவைக் கண்டுபிடித்துத் தருமாறு ஒருவர் அச்சிட்டு வழங்கிய வேண்டுகோள் என, எங்கள் வீட்டின் பின்னறை இவற்றால் நிறைந்திருந்தது. சாரல் காலத்தில் நனைந்து வரும் தாள்களை நாளிதழ்களுக்கிடையே வைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றி உலர்த்துவாள். பூச்சிக்கு வசம்பு. அலமாரியைத் திறந்தால் வரும் அந்த வாசனையை வேறெந்த நூலகத்திலும் நான் அறிந்ததில்லை.

அடுக்கிய முறையும் அவளுடையதே. கோப்புகளின் முதுகில் அவளுடைய கையெழுத்தில் தலைப்புகள் இருந்தன: வாசலுக்கு வந்தவை. பஸ்ஸில் கொடுத்தவை. பொட்டலம் பிரித்தவை. சுவரிலிருந்து தானாக விழுந்தவை. இந்தக் கடைசித் தலைப்பின் கீழ் வந்த சுவரொட்டிகளை அவள் ஒருபோதும் உரித்தெடுக்கவில்லை. பசை இளகிச் சரியும் வரை, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"உரிச்சா எடுக்கணும்? ஒட்டினவருக்கு இன்னும் தேவைப்படுதுல்லா" என்பாள்.

பொருள்வாரியாகப் பிரித்தால் ஆய்வாளருக்குப் பயன்படும் என்று ஒருமுறை சொன்னேன். பகுப்பெண்களோடு வாழ்ந்தவன் சொல்லக்கூடியதுதான் அது. அவள் கையிலிருந்த தாளைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஏங்க, உங்க லைப்ரரில ஒரு புஸ்தகம் எதைப் பத்தினதுன்னு கேட்டா சொல்லிருவீங்க. எப்படி வந்துச்சுன்னு கேட்டா?"

நன்கொடைப் பதிவேடு இருக்கிறது என்றேன்.

"அதுல மழை பெய்ஞ்சதா எழுதியிருக்குமோ?"

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தன் கைக்கு வந்து சேர்ந்ததை மட்டுமே அவள் வைத்துக்கொண்டாள். உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், இவள் ஆசைப்படுகிறாளே என்று, தம் ஊரில் திரட்டிய நோட்டீசுகளைக் கட்டாகக் கொண்டுவந்தபோது, காப்பி கொடுத்து, நன்றி சொல்லி, கட்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். "அது நீங்க சேத்தது டீச்சர். உங்க பேர்லதான் இருக்கணும்."

எங்கள் பகுதியில் காரியப் பத்திரிகையை வீட்டுக்குள் வைப்பதில்லை. இறந்தவர் பெயரும் நாளும் இடமும் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட்டு வரும் அந்த அட்டையை வாசலில் நின்றே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை மஞ்சள் தடவிய முனைகளோடு சாமி அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கலாம். இதற்கு அந்த உரிமை இல்லை. ஆகையால் எந்த ஆவணக் காப்பகத்திலும் கல்யாணப் பத்திரிகைகள் மிகுதியாகவும் காரியப் பத்திரிகைகள் அரிதாகவும் இருக்கும். இதை நான் ஒரு கருத்தரங்கில் கட்டுரையாகவே படித்திருக்கிறேன்.

அவள் கட்டுரை எதுவும் படிக்கவில்லை. ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையில் ஒரு பெரிய தகர டின்னை வைத்தாள். வந்த காரியப் பத்திரிகைகளையெல்லாம் அதில் போட்டாள்.

"வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னுதானே சொல்லுதாங்க? இது வெளியதானே இருக்கு" என்றாள்.

அந்த டின்னைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் தெருவில், எங்கள் உறவில், அவள் பள்ளியில் இறந்தவர்களெல்லாம் வந்த வரிசையில் அதில் இருந்தார்கள். அவள் மட்டும் இல்லை. அதைப் போட வேண்டியவள் அவள்தான் என்பதால், அது வியப்புக்குரியதன்று.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியங்களை வாசுதேவநல்லூரிலிருந்து வந்த என் அண்ணன் வீட்டார் முன்னின்று நடத்தினார்கள். எஞ்சிய பத்திரிகைகள் என்னவாயின என்று அண்ணன் மனைவியான மதினியைத் தொலைபேசியில் கேட்டேன்.

"அதை ஏன் இப்பம் கேக்கீங்க தம்பி?"

ஒரு படி வேண்டும் என்றேன்.

"மிச்சம் கிடந்ததை எல்லாம் அன்னைக்கே தென்னை மரத்து மூட்டுல போட்டுத் தீ வச்சாச்சு. பின்ன வீட்டுலயா வச்சுக்கிடச் சொல்லுதீங்க?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு, "நேரத்துக்குச் சாப்பிடுதீங்களா?" என்றார். சாப்பிடுகிறேன் என்றேன். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். காலையில் காப்பி குடித்தேன் என்றேன்; அவர் புரிந்துகொண்டதை நானும் புரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தருவிச் சாலையில் காலையில் நாங்கள் இருவரும் நடப்போம். சீசன் கூட்டம் வருமுன் நடந்து திரும்பிவிடுவது வழக்கம். பேச்சுக்கிடையே, அவரிடம் அந்தப் பத்திரிகை இருக்குமா என்று கேட்டேன். கேட்டபின்தான் அந்தக் கேள்வியில் இருந்த பழி எனக்கு உறைத்தது. காரியப் பத்திரிகையை வீட்டில் வைத்திருக்கிறீர்களா என்று ஒருவரைக் கேட்பது, அவர் வீட்டில் விளக்கேற்றுவதில்லையா என்று கேட்பதைப் போன்றது.

அண்ணாச்சி நடையை நிறுத்திவிட்டார். "சார்வாள், நீரு கேட்டது என் வீட்டுக்காரி காதுல விழுந்துச்சுன்னா, இனிமே எங்க வீட்டுல உமக்குக் காப்பி கிடையாது. பாத்துக்கிடும்."

தவறாக எண்ண வேண்டாம் என்றேன்.

"தப்பா நினைக்கல வே. ஆனா உமக்கு ஒரு சந்தேகமும் வேண்டாம். வாசல்ல நின்னு, முழுசும் படிச்சு, அங்கனயே கிழிச்சேன். முறைப்படிதான் கிழிச்சேன். அந்தப் பிள்ளை விஷயத்துல ஒரு குறையும் வைக்கல."

என் மனைவியை அவர் அந்தப் பிள்ளை என்றுதான் சொல்வார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். எதிரே ஒரு குரங்கு யாருடைய பையிலிருந்தோ பறித்த ரம்புட்டான் பழத்தைத் தோலுரித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்து, "ஏலே, கேட்டு வாங்கித் தின்னா என்னலே?" என்று அதட்டினார்.

அந்த வாரத்தில் இன்னும் சிலரைக் கேட்டேன். எல்லோரும் கிழித்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றே அதை அழுத்திச் சொன்னார்கள். அவளுக்குச் செய்த மரியாதை அது. மரியாதையில் ஒருவரும் தவறவில்லை.

சுரண்டையில் உரக்கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி மட்டும் வேறு வழி சொன்னார். "அத்தான், கார்டு கிடையாது. ஆனா ஃபேமிலி குரூப்புல ஃபோட்டோ போட்டிருந்தாவ. கீழ தள்ளித் தள்ளிப் போனா கிடைக்கும்" என்றார். மாலையில் அது என் கைப்பேசிக்கு வந்தது. பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டே யாரோ எடுத்த படம். பிடித்தவரின் கட்டைவிரல் நாளையும் கிழமையையும் மறைத்திருந்தது. கீழ்ப்பகுதி படத்துக்குள் வரவில்லை. அவள் பெயர் தெளிவாக இருந்தது. பெரிதாக்கினேன். பெயர் எழுத்தெழுத்தாகப் பெரிதாகி, பின் புள்ளிகளாகக் கலைந்தது. அது தாள் அல்ல. அதில் நெடுநேரம் கண் வைத்திருந்தேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அச்சிட்ட இடத்திலேயே கேட்டுவிடுவது என்று தென்காசிக்குப் போனேன். இரயில் நிலையச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்த அச்சகம் இருக்கிறது. முன்னறையில் கணினி, பின்னறையில் இயந்திரம். சாரல் தென்காசி வரை இறங்கியிருந்ததால் வாசலில் சாக்கு விரித்திருந்தார்கள். உரிமையாளர் என்னை அடையாளம் கண்டு எழுந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாளிடம் திரும்பினார்.

"எம்மா, சார் வீட்டுக் கார்டை எடு. மாசி மாசம் அடிச்சோம்லா."

அந்த அம்மாள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "அண்ணாச்சி, காரியக் கார்டுக்கு ஒரே ஃபைலுதான. பேரு, தேதி, இடத்தை மட்டும் மாத்துவோம். பழசு மேலயே புதுசு ஏறிரும்." பிறகு என்னைப் பார்த்து, "அதைச் சேத்து வைக்கக் கூடாதுன்னு நினைச்சுத்தான் சார் அப்படியே பண்ணிட்டேன்" என்றார்.

திரையில் அந்தக் கோப்பு திறந்தது. அதே கறுப்புக் கட்டம், அதே எழுத்துரு. அவள் பெயர் இருந்த இடத்தில் ஆய்க்குடிக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அவளுக்குப் பின், இவருக்கு முன், எத்தனை பேர் அந்த இடத்தில் வந்து போனார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"இதுக்கு ஏன் சார் வருத்தப்படுதீங்க? விவரத்தைச் சொல்லுங்க, அதே மாதிரி ஒண்ணு அடிச்சுத் தந்திருதேன். காப்பி ஆறதுக்குள்ள கையில தந்திருவேன்" என்றார் உரிமையாளர்.

இன்று அச்சிட்டால் அது அன்றைய பத்திரிகை ஆகாது என்றேன்.

"ரெண்டையும் பக்கத்துல வச்சா உங்களுக்கே வித்தியாசம் தெரியாது."

தெரியாது என்பதுதான் தடை என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரைப் பார்ப்பதுபோல அந்தப் பார்வை இருந்தது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, பின்சுவரில் மாட்டியிருந்த கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அடியில் வட்டக்கட்டை, மேலே வளைந்த கொக்கி. நடுவில் தாள்கள் குத்தி நிறைந்திருந்தன. வாடிக்கையாளர் பார்த்துத் திருத்திக் கையெழுத்திட்ட, அச்சுக்கு முந்தைய மெய்ப்புகள்.

"நாளைக்கே பேரு தப்பாயிருச்சுன்னு சண்டைக்கு வருவாங்கல்லா சார், அதுக்குத்தான். கல்யாணம், காதுகுத்து, காரியம் எல்லாம் இந்த ஒரே கம்பிதான். வார வரிசையில குத்திருவோம்."

காரிய மெய்ப்பையும் வைப்பதுண்டா என்றேன்.

"பிரஸ்ஸுக்கு ஏது சார் தீட்டு? தீட்டுப் பாத்தா பாதி நாளு கடையைப் பூட்டணும்."

மாசி மாதத்துத் தாள்களுக்கு வந்தபோது அவர் விரல் மெதுவாகியது. ஒரு தாளைக் கிழியாமல் உருவி என்னிடம் கொடுத்தார். நடுவில் கம்பி குத்திய துளை. மெல்லிய வெள்ளைத் தாள், அட்டை அல்ல. அதன்மேல் சிவப்பு மையில் என் கையெழுத்து.

அந்தத் தாளைத் திருத்தியது எனக்கு நினைவில்லை. அண்ணன் மகன் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியதும், யாரோ பேனா கொடுத்ததும் மங்கலாகத் தெரியும். ஆனால் திருத்தங்கள் மங்கலாக இல்லை. சொற்களுக்கிடையே விடுபட்ட இடைவெளியைக் காட்டியிருந்தேன். ஒரு சந்திப்பிழையை நீக்கியிருந்தேன். காற்புள்ளி ஒன்றை அரைப்புள்ளியாக்கியிருந்தேன். ஒவ்வொரு குறியும் ஓரத்தில் முறைப்படி மீண்டும் எழுதப்பட்டிருந்தது. கீழே, என் பெயருக்கு மேல், 'தங்கள் நல்வரவை நாடும்' என்று அச்சாகியிருந்த வரியை அடித்துவிட்டு, 'இங்ஙனம்' என்று எழுதியிருந்தேன்.

"அது எங்க தப்புதான் சார்" என்றார் உரிமையாளர். "பேரு போடுத அடிக்கட்டத்தை மட்டும் அன்னைக்குக் கல்யாணக் கார்டுல இருந்து எடுத்ததுல, இந்த வரியும் அப்படியே வந்துட்டு. காரியத்துக்கு யாராவது நல்வரவுன்னு போடுவாவளா? நல்லவேளை, நீங்க பாத்தீங்க. இல்லேன்னா ஊரே சிரிச்சிருக்கும்."

பரவாயில்லை என்றேன். அடித்த கோட்டின் அடியில் அந்த வரியை நன்றாகவே படிக்க முடிந்தது. தங்கள் நல்வரவை நாடும், அதன் கீழ் நான்.

திருத்திய பிறகு அச்சிட்ட, பிழையற்ற பத்திரிகைகள் எல்லாம் ஊரெங்கும் முறையாகக் கிழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியது இது ஒன்றே. பேருந்தில் அதை ஒரு நெகிழி உறைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன். குளிக்க வந்த கூட்டம் ஏறியிருந்தது. தலையில் வைத்த எண்ணெயின் வாடை. பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து, "என்ன அண்ணாச்சி, பத்திரமா? கவனமா பிடிங்க" என்றார். அவர் சொன்னது நிலப்பத்திரத்தை. ஆம் என்றேன்.

ஆவணியில் வண்டி வந்தது. அதனுடன் வந்தவர் அந்த நூலகத்தின் ஆவணப் பிரிவில் பணிபுரியும் பெண்மணி. பேச்சில் சிக்கனமும் கையில் பருத்திக் கையுறையும் கொண்டவர். என் மனைவி வைத்த தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். எதையும் மாற்றாமல் அதே வரிசையில் எண் கொடுப்பதாகச் சொன்னபோது, அதைக் கலைத்துவிடுவார்களோ என்று மனத்தில் இருந்த அச்சம் நீங்கியது. பெட்டிகள் ஏறின. தகர டின்னைக் கொட்டகையிலிருந்து தூக்கிவருவதைப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டார்.

"சார்வாள், அந்த டின்னும் மெட்ராசுக்கா போவுது?"

போகிறது என்றேன்.

"அங்கன உள்ளவங்க கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டீரா?"

"தெரியும் சார்" என்று அந்தப் பெண்மணியே விடை சொன்னார். "இதுக்காகத்தான் முக்கியமா வந்தோம்."

அண்ணாச்சி மதில்மேல் கைவைத்து டின்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியாக உறையிலிருந்த மெய்ப்பை மேசைமேல் வைத்தேன். இதை டின்னில் இறுதித் தாளாகச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் படித்தார். படித்து முடித்ததும் உடனே நிமிராமல் இருந்தார். அந்த மரியாதையை நான் இன்றும் மதிக்கிறேன். பிறகு மடிக்கணினியில் ஒரு புதிய பதிவைத் திறந்தார். வகை: காரியப் பத்திரிகை, மெய்ப்பு. மொழி: தமிழ். நிலை: நடுவில் துளை, கையெழுத்துத் திருத்தங்கள் உண்டு. அடுத்த கட்டத்தில் அவர் விரல் நின்றது.

"சேகரித்தவர்னு யாரைப் போடட்டும் சார்?"

மற்ற பதிவுகளில் எல்லாம் அந்தக் கட்டத்தில் அவள் பெயர் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. இதிலும் அது தானாகவே வந்து நின்றிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா பேரையே விட்டுடலாம் சார். எல்லாமே ஒரே தொகுப்புதானே. யாரும் கேக்க மாட்டாங்க."

அப்படி விட்டால் அவள் இறந்த பிறகும் ஒரு தாளை எடுத்து வைத்ததாகப் பதிவாகும். ஓர் எழுத்தும் பொய்யாகாத பதிவில் அது ஒன்று பொய்யாக இருக்கும். அந்தப் பொய்யை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை அந்தப் பெண்மணி அறிந்திருக்க நியாயமில்லை. அதன்பொருட்டே ஆடி மாதம் முழுவதும் அலைந்தேன் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய டின்னுக்குள் அவளைச் சேர்த்துவிடுவது, அவளே சேர்த்ததுபோல.

"வேண்டாம்" என்றேன். "இதை அவ எடுக்கல."

துக்கம் கேட்க வந்தவர்கள் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைப் போல எதையும் சொன்னதில்லை.

அவர் கட்டத்திலிருந்த பெயரை அழித்தார். என் பெயரைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். "அப்படின்னா இது இந்தத் தொகுப்புக்குள்ள வராது சார். சேகரித்தவர் வேற. தனித் தொகுப்பா போகும்" என்றார், சற்று வருத்தத்துடன். "ஒரே ஒரு தாள்தான் இருக்கும்."

விதி அதுதான் என்று எனக்குத் தெரியும். நானே பலருக்குக் கற்பித்த விதி. தாளை மீண்டும் பார்த்தேன். அதில் அவள் பெயர் ஒரு வரி. மற்றதெல்லாம் நான்: என் திருத்தங்கள், என் கையொப்பம், நான் அடித்த ஒரு வரி. ஆவணம் என்ற வகையில் அது என்னைப் பற்றியதுதான்.

"தனியாவே போகட்டும்" என்றேன். "ஆனா குறிப்புல ஒண்ணு சேர்க்க முடியுமா?"

என்ன வேண்டும் என்று கேட்டார். நூலக அட்டைகளில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பதிவுகள் ஒன்றாக முடியாதபோது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்டுவோம். அவளுடைய தொகுப்பின் கீழ், 'மேலும் காண்க' என்று என் தொகுப்பின் எண்ணும், என்னுடையதன் கீழ் அவளுடைய எண்ணும் இருக்க வேண்டும் என்றேன்.

"ரெண்டு பக்கமுமா சார்?"

இரண்டு பக்கமும் என்றேன்.

அவர் இரண்டையும் பதிந்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவளைத் தேடி வருகிறவர் என்னிடமும், எப்போதாவது என்னைத் தேடி வருகிறவர் அவளிடமும் வந்து சேர்வார். இருவருடைய எண்களும் அடுத்தடுத்தவை. தாளைத் தனி உறையில் இட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பெட்டிகளோடு வைக்காமல் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். வண்டி தென்காசிச் சாலையில் திரும்பும் வரை வாசலில் நின்றேன்.